குளோவிஸ் இல்லையேல் சார்லமேன் இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

“ஐரோப்பாவின் போக்கை மாற்றிய பிராங்கிய மன்னர் குளோவிஸா, சார்லமேனா?” இதுதான் தலைப்பு. பிராங்கியர் என்போர், மேற்கு ரோமப் பேரரசு சரிந்தபோது இன்றைய பிரான்சில் ஆட்சி அமைத்த ஜெர்மானிய இனத்தார். எனக்கு முன் பேசிய தோழி 800-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளை நம் கண்முன் நிறுத்தினார். ரோமாபுரியில் போப்பாண்டவர் கையால் சார்லமேன் பேரரசராக முடிசூடிய நாள். பெரிய நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் போப்பாண்டவர் ஒரு பிராங்கிய மன்னரை ஏன் நம்பினார்? அதற்கான விடை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு குளோவிஸ் எடுத்த ஒரு முடிவில் இருக்கிறது.

481-இல் தந்தை சில்டெரிக் இறந்தபோது குளோவிஸுக்குப் பதினைந்து வயது இருக்கும். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள தூர்னே நகரைச் சுற்றி ஒரு சிறு நாடு, அவ்வளவுதான் அவர் சொத்து. பிராங்கியருக்குள்ளேயே இப்படிப் பல குட்டி அரசர்கள் இருந்தார்கள். மேற்கு ரோமப் பேரரசின் கடைசி அரசர் பதவி இழந்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 486-இல் சுவாசோனில் சியாக்ரியஸ் என்ற ரோமானியத் தலைவரைக் குளோவிஸ் தோற்கடித்தார். வட பிரான்சின் பெரும்பகுதி கைக்கு வந்தது.

அந்தப் போருக்கு அப்புறம் நடந்ததாகத் தூர் நகர ஆயர் கிரகோரி ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். கொள்ளைப் பொருள்களில் ஒரு தேவாலயத்தின் பெரிய ஜாடி இருந்தது. அதைத் திருப்பித் தரும்படி ஆயர் கேட்டனுப்பினார். தன் பங்கோடு சேர்த்து அதையும் தரும்படி குளோவிஸ் வீரர்களிடம் கேட்கிறார். கவனியுங்கள், மன்னர் கேட்கிறார்! எல்லோரும் சம்மதிக்க, ஒருவன் மட்டும் “சீட்டில் விழும் பங்குதான் உனக்கு” என்று சொல்லிக் கோடரியால் ஜாடியில் ஒரு போடு போட்டான். குளோவிஸ் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு படையைப் பார்வையிட்டபோது அந்த வீரனின் ஆயுதத்தைக் குறைசொல்லித் தரையில் எறிந்தார். அவன் எடுக்கக் குனிந்தபோது தலையில் கோடரி இறங்கியது. “சுவாசோனில் ஜாடிக்கு நீ செய்தது இதுதானே” என்றார்.

கொடூரம்தான். அவர் நல்லவர் என்று வாதிட நான் இங்கே வரவில்லை. ஆனால் இன்னும் கிறிஸ்தவராகாத ஒரு படைத்தலைவர், தோற்ற மக்களின் ஆயருக்காகத் தன் வீரர்களிடம் பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மக்கள் தன்னை ஏற்காமல் ஆட்சி நிற்காது என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, அந்த முடிவுக்கு வருகிறேன். அன்றைக்கு மேற்கு ரோமப் பேரரசின் நிலங்களைப் பங்குபோட்டு ஆண்ட கோத்துகள், வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தாரும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் அவர்கள் ஆரியுஸ் என்ற குருவின் கொள்கை வழி வந்தவர்கள். கிறிஸ்து தந்தைக்குச் சமமானவர் அல்ல என்றது அந்தக் கொள்கை. அவர்கள் ஆண்ட ரோமானிய மக்களோ கத்தோலிக்கர்கள். ஆள்பவனுக்கு ஒரு கோயில், ஆளப்படுபவனுக்கு இன்னொரு கோயில். இத்தாலியின் ரவென்னாவில் இரு தரப்புக்கும் தனித்தனியே கட்டிய ஞானஸ்நான மண்டபங்கள் இன்றும் நிற்கின்றன.

குளோவிஸ் அந்தப் பாதையில் போகவில்லை. அவருடைய மனைவி குளோட்டில்டா கத்தோலிக்கர். அலமான்னியர் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தாரோடு நடந்த போரில் தோல்வி நெருங்கியபோது மனைவியின் தெய்வத்தை அவர் வேண்டிக்கொண்டதாகக் கிரகோரி சொல்கிறார். அப்புறம் ரீம்ஸ் நகரில் ஆயர் ரெமிஜியுஸ் கையால் ஞானஸ்நானம். படையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடவே பெற்றார்கள் என்கிறார். வென்றவனும் தோற்றவனும் ஒரே பீடத்தின் முன் நின்றார்கள்.

பலனும் சீக்கிரமே வந்தது. 507-இல் வூயேயில் குளோவிஸோடு நடந்த போரில், கோத்துகளில் ஒரு பிரிவான விசிகோத்துகளின் மன்னர் இரண்டாம் அலாரிக் மடிந்தார். தென்மேற்கு பிரான்ஸ் பிராங்கியருக்கு வந்தது. அடுத்த ஆண்டு கிழக்கு ரோமப் பேரரசர் அனஸ்தாசியுஸ் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து குளோவிஸுக்குக் கௌரவப் பட்டம் அனுப்பினார். 511-இல் ஓர்லேயானில் அவர் கூட்டிய திருச்சபைச் சங்கத்துக்கு 32 ஆயர்கள் வந்தார்கள்.

அவருடைய கடைசிக் காலத்தைச் சேர்ந்ததாகப் பொதுவாகக் கருதப்படும் சாலிக் சட்டம் என்ற பிராங்கியச் சட்டத் தொகுப்பைப் பாருங்கள். சாதாரணப் பிராங்கியனைக் கொன்றால் இழப்பீடு 200 பொற்காசு, நிலமுள்ள ரோமானியனைக் கொன்றால் 100. அநீதிதான். ஆனால் அதே சட்டத்தில், மன்னரோடு பந்தியில் அமரும் ரோமானியனின் உயிருக்கு 300! தோற்ற இனத்தவன் மன்னரின் பந்தியில் உட்கார முடிந்திருக்கிறது. சில தலைமுறைகள் கழித்து, லுவார் நதிக்கு வடக்கே எல்லோருமே தங்களைப் பிராங்கியர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

“சொந்தக்காரர்களையே கொன்றவர்” என்றார் தோழி. உண்மை. மற்ற பிராங்கிய அரசர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டினார். ஆனால் 782-இல் வெர்டனில் ஒரே நாளில் 4500 சாக்சானியரைச் சார்லமேன் தலைவெட்டச் செய்தார் என்று அவருடைய அரசவைக் குறிப்புகளே சொல்கின்றன. அறத் தராசில் இருவரையும் வைத்தால் இரண்டு தட்டும் தாழும்.

“நான்கு மகன்களுக்கு நாட்டைத் துண்டுபோட்டார்” என்றும் சொன்னார். போட்டார்தான். ஆனால் 558-இல் மகன் குளோத்தார் அதைத் திரும்ப ஒன்றாக்கினார். குளோவிஸ் வம்சம் 751 வரை அரியணையில் இருந்தது. கடைசி மன்னர்கள் வெறும் பெயரளவில் ஆண்டபோதும், அவர்களை நீக்கச் சார்லமேனின் தந்தை பெப்பின் போப்பாண்டவரின் அனுமதியைக் கேட்க வேண்டியிருந்தது! சார்லமேன் பேரரசோ, அவர் இறந்து முப்பது ஆண்டுகூட ஆகாமல், 843-இல் வெர்டூன் உடன்படிக்கையில் மூன்றாக உடைந்தது.

இன்னொன்று. 778-இல் பிறந்த தன் இரட்டை ஆண் குழந்தைகளுக்குச் சார்லமேன் வைத்த பெயர்கள் என்ன? லூயி, லோத்தார். அதாவது குளோவிஸ், குளோத்தார் என்ற பழைய வம்சத்துப் பெயர்களின் மாறிய வடிவங்களே. அந்த லூயிக்கு 816-இல் போப்பாண்டவர் வந்து முடிசூட்டிய ஊரும் ரீம்ஸ். குளோவிஸின் நிழல் தன் வாரிசுக்கு வேண்டும் என்று நினைத்தவர் சார்லமேனேதான்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. எதிரணிக்கு ஒரு கேள்வியை மட்டும் வைத்துவிட்டு அமர்கிறேன். குளோவிஸ் காலத்தில் மேற்கே மிகப் பெரிய மன்னர் அவர் அல்ல, இத்தாலியை ஆண்ட, ஆரியுஸ் வழி வந்த கோத்து மன்னர் தியோடோரிக். குளோவிஸின் தங்கையை மணந்தவர். செல்வம், ரோமானிய அதிகாரிகள், ரவென்னா அரண்மனை, எல்லாம் அவரிடம் இருந்தன. அவர் 526-இல் இறந்தார். 553-க்குள் அவர் நாடே இல்லாமல் போனது. மைத்துனரின் சிறிய நாடு மட்டும் ஏன் நின்றது? குளோவிஸின் ஞானஸ்நானத்தை விட்டுவிட்டு எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.