கட்டளைத் தாளில் உலை கொதிக்காது

நடுவர் அவர்களே, வெள்ளவத்தையின் வியர்வையையும் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

அடிபடும் பெண்ணை அதிகம் காப்பது சட்டமா, உதவிப்பணமா என்பது கேள்வி. உதவிப்பணமே என்பது எங்கள் அணி. எதிரணி நண்பர் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை மூச்சுவிடாமல் ஒப்புவித்தார். சட்டக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவர், வழிதவறி பட்டிமன்றத்துக்கு வந்துவிட்டார்.

அது நல்ல சட்டம்தான். இனி அடிக்கக் கூடாது என்று தடுக்கும் பாதுகாப்புக் கட்டளையை நீதவான் பிறப்பிக்கலாம். பன்னிரண்டு மாதம் வரை அது செல்லும். ஆனால் கொட்டாஞ்சேனைப் பக்கம், சுவரோடு சுவர் ஒட்டிய ஓரறை வீடுகள் நிறைந்த ஒரு தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். கணவன் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. மனைவி விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். மாவும் கடன், காஸ் சிலிண்டரும் கடன். காலையில் வீங்கிய உதட்டோடு பொலிஸுக்குப் போகிறாள். மாலையில் அவளே போய் முறைப்பாட்டை மீளப் பெறுகிறாள்.

சட்டம் தெரியாமலா? இல்லை ஐயா, கணக்குத் தெரிந்து! அவனை உள்ளே வைத்தால் அன்றைய கூலி நிற்கும். அவள் வெளியேறினால் அறைக்கு முற்பணம் வேண்டும். அறை மாறினால் அடுப்பு மாறும், இடியப்ப வாடிக்கை கைவிட்டுப் போகும். நுண்கடன் வசூலிப்பவரோ கிழமை தவறாமல் வருவார். அவருக்கு எந்த நீதவானும் தடை போடவில்லை.

"கறுவாத்தோட்டத்து மாளிகையிலும் அடி விழுகிறதே" என்றார் நண்பர். விழுகிறது. 2019ஆம் ஆண்டு அரசு நடத்திய பெண்கள் நலன் ஆய்வு, துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் வாழ்நாளில் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்கிறது. ஏழைதான் அடிப்பான் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. சொன்னால் அது ஏழைக்குச் செய்யும் அநியாயம். கை ஓங்குவது எந்த வீட்டிலும் நடக்கும். அந்த வீட்டைவிட்டு எழுந்து போக முடிகிறதா என்பதில்தான் காசு பேசுகிறது.

நண்பர் ஒரு பிரிவை மட்டும் மெல்ல விழுங்கிவிட்டார். அவசரப் பண உதவி கொடுக்கும்படி அதே சட்டத்தின் கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம். வெறும் கட்டளையால் வயிறு நிறையாது என்று சட்டத்தை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது! ஆனால் கொடுக்க வேண்டியவர் யார்? அடித்தவர். வேலை கிடைத்த நாளில் மட்டும் கூலி வாங்கும் அவரிடம் புதுக்கடை நீதிமன்றம் எதைப் பிடுங்கும்?

"உதவிப்பணம் கொடுத்தால் கசிப்புக்குத்தான் போகும்" என்பது அவர்களின் கடைசி அம்பு. அது யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2023இல் அஸ்வெசும என்ற அரசின் நலன்புரி உதவித் திட்டம் தொடங்கியபோது மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை நான்கு வகையாகப் பிரித்தார்கள். நல்லது. ஆனால் கணக்கெடுத்த அலகு குடும்பம். அடி தாங்காமல் தாய் வீட்டுக்கு ஓடியவள் எந்தக் குடும்பம்? புருஷன் வீட்டுப் பட்டியலில் அவள் பெயர் இருக்கும், பணம் இருக்காது. தாய் வீட்டில் அவள் விருந்தாளி. இரண்டு வாரம் கழிந்தால் அதுவும் இல்லை. தனிக் குடும்பம் என்று நிறுவ கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திடமும் அலைய வேண்டும். அலைவதற்கும் பஸ் காசு வேண்டுமே!

ஆகவே, முறைப்பாடு பதிந்த பெண்ணை ஒரு தனி அலகாக எண்ணுங்கள், அவள் பெயரிலுள்ள கணக்கிலேயே பணத்தைப் போடுங்கள் என்கிறோம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அவள் அழைக்கும்போது, சட்ட ஆலோசனையோடு, அந்தக் கிழமையே வங்கியில் எடுக்கக்கூடிய தொகையும் அவளுக்குச் சொல்லப்பட வேண்டும். அப்படியும் அவள் முறைப்பாட்டை மீளப் பெறுவாளா? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர், சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இதற்குப் பதில் சொல்லட்டும்.