மூன்றாம் வகுப்பு வருது!

வணக்கம் நேயர்களே. பள்ளி நாடகம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். பார்த்த நாடகங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் மனத்தில் நின்றவை, கடைசி நிமிடத்தில் தடாலென்று திரும்பிச் சிரிக்கவைத்த குட்டி நாடகங்கள்தான். ஒன்றைச் சொல்கிறேன்.

மேடையில் ஆசிரியர் அறை. ஒருவர் நோட்டுத் திருத்துகிறார், ஒருவர் தேநீர் ஊற்றுகிறார். ஒரு பொடியன் மூச்சிரைக்க ஓடி வந்து, “மிஸ், மூன்றாம் வகுப்பு வருது!” என்று கத்திவிட்டு ஓடிப்போகிறான்.

மொரீஷியசில் இதைக் கேட்டால் நமக்கு வேறென்ன தோன்றும்? நம் புயல் எச்சரிக்கைக்கு நான்கு வகுப்பு. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்குமுன் பகல் வெளிச்சம் இன்னும் ஆறு மணி நேரம்தான் என்றால் அது மூன்றாம் வகுப்பு. அவ்வளவுதான், மேடையே அமளிதுமளி. ஒருவர் ஜன்னலைச் சாத்துகிறார், இன்னொருவர் மெழுகுவர்த்தி தேடுகிறார். தலைமையாசிரியர் பிஸ்கட் டப்பாவைக் கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைகிறார். கதவு தடதடக்கிறது. “வந்துடுச்சு!” என்று ஓர் அலறல். கதவு திறக்கிறது. கைகோத்தபடி வரிசையாக உள்ளே வருகிறார்கள் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள். “மிஸ், எங்களுக்கு இப்போ பாட்டு பீரியட்.”

இதை நான் எழுதவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பேசிப் பேசிச் சேர்த்தது. வீட்டில் நம் நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல் பேசுகிற பிள்ளைகள். கிரியோலில் இந்த வேடிக்கை நடக்காது, கவனித்தீர்களா? அங்கே புயலுக்கு ‘கிளாஸ்’, பள்ளிக்கு ‘கிரேட்’. தமிழில்தான் இரண்டுமே வகுப்பு. பாடப்புத்தகத்தில் நான் தேடிக் காட்டாத ஒன்றை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சரி, அந்தத் திருப்பம் ஏன் இனித்தது? ஒளித்து வைத்ததாலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையிலேயே மூன்றாம் வகுப்புப் புயல் என்றால் பள்ளிக்கூடமே இருக்காதே! பிள்ளைகளை எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மேடையில் பள்ளி நடந்துகொண்டிருந்தது, பொடியன் சீருடையில் வந்தான், எல்லாம் நம் கண்ணெதிரே இருந்தது. நாமும் அந்த ஆசிரியர்களோடு சேர்ந்து பதறிவிட்டோம். “அட, இதை யோசிக்கவே இல்லையே” என்று நம்மைப் பார்த்தே சிரிக்கிறோம். ‘எல்லாம் கனவு’ என்று முடிகிற நாடகங்களில் இந்தச் சுகம் கிடைக்காது. அங்கே நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்ற எரிச்சல்தான் மிஞ்சும். கனவில் முடிக்க வந்த எத்தனையோ பிள்ளைகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரிகிற எட்டு வகைகளைச் சொல்கிறது. சிரிப்பாகிய நகை அதில் ஒன்று, வியப்பாகிய மருட்கை இன்னொன்று. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கிலிருந்து நகை பிறக்கும். பள்ளி நாடகத்தில் இந்த நான்குக்கும் பஞ்சமே கிடையாது. மருட்கைக்குச் சொன்ன நான்கில்தான் எனக்குப் பிடித்தது இருக்கிறது: புதுமை, பெருமை, ஆக்கம், இவற்றோடு சிறுமை. மிகச் சிறியதைக் கண்டாலும் வியப்பு வருமாம். புயல் வரும் என்று காத்திருந்த கதவில் எட்டு வயதுப் பிள்ளைகள் நின்றார்களே, அதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

ஒத்திகையின்போது பெரியவர் ஒருவர், முடிவில் தலைமையாசிரியர் வந்து ‘புயல் காலத்தில் பதற்றம் கூடாது’ என்று இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார். தலையாட்டிவிட்டு, திரையை முன்னாலேயே இழுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் மன்னிக்கட்டும்.

அப்புறம், நம் அரங்குகளில் சிரிப்பு இரண்டு தடவை வரும். அன்றும் அப்படித்தான். தமிழ் தெரிந்த முன்வரிசைகள் சட்டென்று வெடித்தன. பின்னால் இருந்த பெற்றோர் பலர், என்ன, என்ன என்று பிள்ளைகளைப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி அம்மாவின் காதில் கிரியோலில் விளக்கப் பார்த்தாள். கிளாஸ் என்றாள், கிரேட் என்றாள், ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் பொறுமை போய், “வகுப்பு, மமா! வகுப்பு!” என்றாள். அந்த அம்மா ஒரு நொடி மேடையைப் பார்த்தார். அடுத்த நொடி கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.