கேட்காமல் வரும் தட்டு

அவைத் தலைவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வெளிநாட்டுச் சுற்றுலா போய்த் திரும்புபவர்கள் அங்கே உணவகங்களில் சாப்பிட்ட கதையைச் சொல்லும்போது, சுவையைப் பற்றிப் பேசுவதைவிடப் பில்லைப் பற்றிப் பேசுவதே அதிகம். "நாங்கள் கேட்கவே இல்லை; அவர்களாகக் கொண்டுவந்து வைத்தார்கள்; பிறகு அதற்கும் காசு வாங்கிவிட்டார்கள்" என்று தொடங்கும் அந்தக் கதை, நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்ற தீர்ப்போடு முடியும். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து. அந்த நாட்டவர் அனைவரும் அறிந்த, வந்தவர் மட்டும் அறியாத ஒரு வழக்கமே பல நேரங்களில் ஏமாற்றாகத் தோன்றுகிறது. ஏமாற்றே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. வழக்கம் எங்கே முடிகிறது, ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

போர்ச்சுகலை எடுத்துக்கொள்வோம். லிஸ்பனில் ஒரு சாதாரண உணவகத்தில் உட்கார்ந்து, என்ன சாப்பிடலாம் என்று யோசிப்பதற்குள்ளாகவே மேசைக்கு ஒரு கூடை ரொட்டி வந்துவிடும். கூடவே சிறு கிண்ணத்தில் ஆலிவ் காய்கள், வெண்ணெய், மத்தி மீன் விழுது, சில இடங்களில் துண்டு போட்ட பாலாடைக்கட்டியும் வரும். இதற்குக் 'கூவேர்' என்று பெயர். வீட்டுக்கு வந்தவருக்குச் செய்யும் உபசாரம் போலத் தோன்றினாலும், ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை உண்டு. அந்த விலை உணவுப் பட்டியலிலேயே அச்சாகியிருக்கும். ஆனால், நாம் கேட்காமலும் தொடாமலும் இருந்தால் அதற்குக் காசு வாங்கக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எனவே வேண்டாம் என்று சொல்லி எடுத்துப் போகச் செய்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரே ஒரு ஆலிவ் காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பில் வந்த பிறகு வாதாடுவதுதான் பொருந்தாது.

ஜப்பானில் இதே காட்சியின் முடிவு வேறு. மாலை வேளையில் மதுவோடு சிறு சிறு உணவுகளைப் பரிமாறும் 'இசகாயா' என்னும் கடைகளில், முதல் பானத்தோடு ஒரு சின்னக் கிண்ணமும் வந்து அமரும். அதில் வேகவைத்த காய்கறியோ, சிறிது டோஃபுவோ இருக்கும். 'ஓதோஷி' எனப்படும் இதற்குத் தலைக்குச் சில நூறு யென் பில்லில் ஏறும். தொடாவிட்டாலும் ஏறும், ஏனென்றால் அது உணவின் விலை என்பதைவிட இருக்கைக்கான கட்டணம் என்பதே பொருத்தம். அதே நாட்டில் டிப்ஸ் வைக்கும் வழக்கம் கிடையாது. மேசையில் பணத்தை விட்டுவிட்டு வெளியேறினால், மறந்துவிட்டீர்கள் என்று எண்ணிப் பணியாளர் அதைத் தெருவரை எடுத்துக்கொண்டு ஓடி வரக்கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அந்தக் கிண்ணத்தின் மேல் கோபம் வராது.

இத்தாலியில் 'கொபேர்த்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ வாங்குவார்கள்; மேசை விரிப்பு, தட்டு, ரொட்டி ஆகியவற்றுக்கான கட்டணம் அது. ரோம் நகரம் அடங்கிய லாட்சியோ மாநிலம் 2006-இல் இதைத் தடைசெய்தது. உடனே பல பில்களில் 'ரொட்டி' என்று ஒரு கட்டணம் முளைத்தது. ரொட்டி வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்பதால், அங்கே அந்தக் கட்டணத்தை மட்டும் கவனித்துப் பார்க்க வேண்டும். ஆயினும் இத்தாலிய உணவகத்தில் பயணியை உண்மையில் திடுக்கிட வைப்பது ரொட்டி அல்ல, மீன். முழு மீனுக்கு எதிரே 8 யூரோ என்று போட்டிருக்கும். மலிவாக இருக்கிறதே என்று கொண்டுவரச் சொல்லிவிடுவோம். அந்த எண்ணின் பக்கத்தில் பொடி எழுத்தில் 'எத்தோ' என்று இருப்பதை யார் பார்ப்பார்கள்? எத்தோ என்பது நூறு கிராம். ஒன்றேகால் கிலோ மீன் மேசைக்கு வந்தால் அதன் விலை 100 யூரோ. ஆகவே மீனைச் சமைப்பதற்கு முன்பே கண்ணெதிரில் எடை போடச் சொல்லி, மொத்த விலையையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நேர்மையான கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்; சுளிப்பவரின் கடையில் மீன் சாப்பிடாமல் இருப்பதே நல்லது.

பட்டியலில் இருக்கும் விலையும் கொடுக்கும் விலையும் எவ்வளவு விலகும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரான்சில் சேவைக் கட்டணம் அச்சிட்ட விலைக்குள்ளேயே அடங்கிவிடும்; சாப்பிட அமர்ந்தவருக்குக் குழாய்த் தண்ணீரும் கூஜாவில் இலவசமாகவே வரும், கேட்டால் போதும். கேட்காதவருக்குப் புட்டித் தண்ணீர் விற்கப்படும். சிங்கப்பூரில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீத வரியும் உண்டு என்று பொருள். 100 வெள்ளி, அதாவது 100 சிங்கப்பூர் டாலர், உணவு 119 வெள்ளி 90 காசு ஆகிவிடும்.

அமெரிக்காவில்தான் மனக்கணக்கு மிகவும் குழம்பும். விற்பனை வரி பட்டியல் விலையில் சேராது, டிப்ஸும் சேராது. விருப்பமிருந்தால் கொடுக்கலாம் என்று ஏட்டளவில் சொன்னாலும், மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களில் 15 முதல் 20 சதவீதம் வரை எதிர்பார்க்கப்படுகிறது. டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய கூலியாகக் கூட்டரசுச் சட்டம் வைத்திருப்பது மணிக்கு 2 டாலர் 13 சென்ட் மட்டுமே. 1991 முதல் அந்தத் தொகை மாறவில்லை. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக நிர்ணயித்துள்ளன என்பது உண்மைதான். இந்த ஏற்பாடு நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். கூலி கொடுக்கும் பொறுப்பை முதலாளியிடமிருந்து வாடிக்கையாளரின் தலையில் இறக்கிவைக்கும் ஏற்பாடு அது. ஆனால் அதை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு டிப்ஸ் வைக்காமல் எழுந்து போனால், அடிபடுபவர் முதலாளி அல்லர், பரிமாறியவரே. பெரிய குழுவாகப் போனால் பல இடங்களில் டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். அதைப் பார்க்காமல் மறுபடியும் வைப்பவர்களும் உண்டு.

கேட்காமல் வருவது மேசைக்கு மட்டுமல்ல, தட்டுக்குள்ளும் வரும். புலால் உண்ணாதவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஜப்பானில் காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பின் அடிநீர் பெரும்பாலும் உலர்மீன் சீவலில் காய்ச்சியது. தாய்லாந்தில் கீரை வதக்கலிலும் மீன் சாறு சேர்வது சாதாரணம். இத்தாலியின் பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குப் பாலை உறையவைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். "இதில் இறைச்சி உண்டா?" என்று கேட்டால், "இல்லை" என்ற பதில் உண்மையாகவே வரும். "சாறு எதில் காய்ச்சியது?" என்று கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வேர்க்கடலை, எள், முட்டை உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகம் தகவல் தந்தாக வேண்டும் என்பது 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. மற்ற இடங்களுக்கு, உங்களுக்கு ஆகாதவற்றை அந்த நாட்டு மொழியில் எழுதிய ஒரு சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

பணம் கட்டும் நேரத்தில் கார்டு இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா, இந்த நாட்டு நாணயத்திலா? பழகிய நாணயத்தில் தொகையைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். அந்த மாற்று விகிதத்தைக் குறிப்பது உங்கள் வங்கி அல்ல. பெரும்பாலும் அது உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும். உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, பட்டியலில் இல்லாத தொகையோ உண்ணாத பண்டமோ பில்லில் இருந்தால், அப்போது அது வழக்கம் அல்ல, ஏமாற்றுதான். குரலை உயர்த்த வேண்டாம். பில்லை வரிவரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், உணவுப் பட்டியலை மறுபடி கொண்டுவரச் சொல்லுங்கள், இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். போர்ச்சுகலில் ஒவ்வோர் உணவகமும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் தர மறுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்தப் புத்தகத்தைக் கேட்ட மாத்திரத்திலேயே பில் திருந்திவிடுவதும் உண்டு.