17 ரன்னுக்கு 5 விக்கெட் என்று கதை எழுதினால் யார் நம்புவார்?

எல்லோருக்கும் வணக்கம். உண்மைக் கதையை வைத்து எடுத்த விளையாட்டுப் படங்கள் ஏன் நம்மை இப்படி அழ வைக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரி, ஒரு கதாசிரியர் தயாரிப்பாளரிடம் போய், "சார், உலகக் கோப்பை, 17 ரன்னுக்கு 5 விக்கெட் போயிடுது, கேப்டன் ஒத்தை ஆளா நின்னு அவுட் ஆகாம 175 அடிக்கிறார், அப்புறம் அந்த டீம்தான் கோப்பையையே தூக்குது" என்று சொன்னால் என்ன ஆகும்? காதில் பூ சுற்றாதே, வேறு கதை இருந்தால் கொண்டு வா என்று அனுப்பிவிடுவார். 1983 ஜூன் 18 அன்று இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில் தேவ் அதைத்தான் செய்தார். அந்த ஆட்டத்துக்கு டிவி பதிவுகூடக் கிடையாது. ஸ்கோர்கார்டில் மட்டுமே இருந்த அந்த இன்னிங்ஸை '83' படம் ஆடிக் காட்டியபோது தியேட்டரில் ஏன் அவ்வளவு விசில் என்று இப்போது புரிகிறதா?

என் கட்சி இதுதான். 'உண்மைச் சம்பவம்' என்று டைட்டிலில் ஒரு வரி வந்துவிட்டால் நாம் கிண்டல் செய்யும் உரிமையை விட்டுக்கொடுத்துவிடுகிறோம். இருமிவிட்டுக் கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்க்கும் அப்பாக்களை நம் சினிமாவில் எத்தனை முறை ஓட்டியிருப்போம்! ஆனால் 'மைதான்' படத்தின் சையத் அப்துல் ரஹீமை அப்படி ஓட்ட முடியாது, ஏனென்றால் இந்தியக் கால்பந்து அணியின் அந்தப் பயிற்சியாளர் நுரையீரல் புற்றுநோயோடுதான் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போனார், தங்கம் வாங்கிக் கொடுத்தார், அடுத்த ஆண்டு ஜூனில் இறந்துபோனார். தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங், தடுப்பாட்டக்காரர், அவரை முன்வரிசையில் இறக்கினார் ரஹீம். அந்த மனிதர் இறுதிப் போட்டியில் ஒரு கோல் போட்டார், கோல்போஸ்டில் பீட்டர் தங்கராஜ் நின்றார், தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம். இதில் எதைக் கற்பனையாக எழுதியிருந்தாலும் ஓவர் என்றுதான் சொல்லியிருப்போம்.

முடிவு தெரிந்த ஆட்டத்தில் என்ன சுவாரசியம் என்று கேட்பவர்கள் உண்டு. ஜெயிப்பாரா என்ற பதற்றம் இல்லாததால்தான், அந்த ஜெயிப்புக்கு என்ன விலை கொடுத்தார் என்று பார்க்க நமக்கு நேரம் கிடைக்கிறது. மில்கா சிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக், 400 மீட்டர், நான்காவது இடம், பத்தில் ஒரு நொடியில் வெண்கலம் போனது. அவரைப் பற்றிய படம் அந்தத் தோல்வியை முதலிலேயே காட்டிவிட்டுத்தான் பிரிவினையில் குடும்பத்தைப் பறிகொடுத்த பையனிடம் போகிறது. அதன் பிறகு அவர் ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் நமக்கு வேறு மாதிரி தெரிகிறது. ஆனால் படம் தோல்வியில் முடியக் கூடாதே! அதனால் ரோமுக்கு முன்னால் அவர் ஜெயித்த லாகூர் ஓட்டத்தைப் பின்னால் கொண்டுபோய் கிளைமாக்ஸில் வைத்துவிட்டார்கள். அது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை.

'தங்கல்' விஷயத்தில்தான் எனக்குக் கோபம். 2010 டெல்லி காமன்வெல்த் இறுதிப் போட்டியில் மல்யுத்த வீராங்கனை கீதா போகட் ஆஸ்திரேலியப் பெண்ணை எளிதாகவே ஜெயித்தார். படத்தில் கடைசி நொடி வரை இழுக்கிறார்கள், போதாததற்குப் பயிற்சியாளர் சூழ்ச்சி செய்து அப்பாவை ஓர் அறையில் பூட்டி வைக்கிறார். அப்படி எதுவும் நடக்கவே இல்லை. பெயரை மாற்றிவிட்டார்கள், சரி, ஆனால் அப்போது அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் நிஜ மனிதர் இல்லையா, அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? உண்மை என்று சொல்லி நம் காவலைத் தளர்த்திவிட்டு, அந்த இடைவெளியில் ஒரு பொய்யை நுழைத்துவிடுகிறார்கள். ஒரு ஹரியானா கிராமத்துப் பெண் சர்வதேச மேடையில் அநாயாசமாக ஜெயிக்கிறாள் என்பதே பெரிய காட்சிதானே, அதை ஏன் நம்பவில்லை?

இந்த வகைப் படங்களில் வேலை செய்யும் இன்னொரு விஷயம், கடைசியில் வரும் நிஜ போட்டோக்கள். கவனித்திருப்பீர்கள், அதுவரை வாசலை நோக்கி முண்டியடித்தவர்கள், பார்க்கிங் டோக்கனைக் கையில் பிடித்தபடி படிக்கட்டிலேயே நின்றுவிடுவார்கள். இரண்டரை மணி நேரம் நடிகர் செய்த வேலையை ஒரு மங்கலான கறுப்பு வெள்ளைப் படம் வந்து முடித்துக் கொடுக்கும்.

ஆனால் அந்தக் கண்ணீர் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. 2016இல் 'தங்கல்' பார்த்துவிட்டுப் போகட் குடும்பத்துக்காக ஊரே அழுதது. அதே வீட்டில், கீதாவின் அப்பாவான தன் பெரியப்பாவிடமே மல்யுத்தம் கற்ற வினேஷ் போகட் 2023இல் மற்ற வீராங்கனைகளோடு டெல்லி ஜந்தர் மந்தரில் பாலியல் புகாருக்கு நியாயம் கேட்டு உட்கார்ந்திருந்தார். மே 28 அன்று போலீஸ் அவர்களை ரோட்டில் இழுத்துப்போய் வண்டியில் ஏற்றியது. தியேட்டரில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அன்று டிவி சேனலை மாற்றினார்களோ. அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோற்றதே இல்லாத ஜப்பானின் யுய் சுசாகியை அவர் முதல் சுற்றிலேயே சாய்த்தார், ஒரே நாளில் இறுதிப் போட்டி வரை வந்தார், மறுநாள் காலை 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூட இருக்கிறது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். இதையும் எந்தத் தயாரிப்பாளரும் கதையாகக் கேட்டால் நம்பமாட்டார்.

யாராவது ஒருநாள் அதைப் படமாக எடுக்கத்தான் போகிறார்கள். சுசாகி மேட்சைப் பிரமாதமாக எடுத்துவிடுவார்கள், எடை பார்க்கும் மிஷினுக்கு க்ளோசப், வயலின், எல்லாம் இருக்கும். நானும் முதல் ஷோவுக்கே போவேன். அந்த மே 28ஐ எத்தனை நிமிஷம் காட்டுகிறார்கள் என்று மட்டும் பார்க்க வேண்டும்.