கயிற்றில் இருந்த நெசவு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு தறியிலிருந்து தொடங்குகிறேன். கிராம மக்களின் வாழ்க்கைப் பொருள்களைச் சேர்த்து வைக்கும் ஓர் அருங்காட்சியகத்தில், வந்து சேரும் பொருள்களைப் பதிந்து வைப்பது என் வேலை. பல வருடங்களுக்கு முன்பு அங்கே ஒரு பழைய கைத்தறி வந்தது. துடைத்து, எண்ணெய் பூசி, நல்ல வெளிச்சத்தில் நிறுத்தினோம். பார்க்க அழகாகவே இருந்தது. ஒருநாள் வயதான நெசவாளி அம்மா ஒருவர் பேத்தியோடு வந்தார். தறியை ஒரு சுற்றுச் சுற்றினார், குனிந்து அடியில் பார்த்தார். "கயிறெல்லாம் எங்கே தம்பி?" என்று கேட்டார்.

காலால் அழுத்தும் மிதிபலகைகளையும், நூல் இழைகளைத் தூக்கி இறக்க மேலே தொங்கும் விழுதுகளையும் இணைக்கிற கயிறுகளைத்தான் கேட்டார். தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றும்போது, நைந்துபோன கயிறுதானே என்று அறுத்துப் போட்டிருந்தோம். எந்த மிதி எந்த விழுதைத் தூக்கும் என்பது அந்தக் கயிறுகளைக் கட்டிய விதத்தில்தான் இருக்கிறது. மிதியை அழுத்தினால் நீளவாட்டில் ஓடும் பாவில் எந்த இழைகள் ஏறும், எவை இறங்கும், குறுக்கே ஓடும் ஊடை எதன் மேல் போகும், துணியில் என்ன கோலம் விழும், எல்லாம் அந்த முடிச்சுகளில் இருந்தது. மரத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டு நெசவைக் குப்பையில் போட்டிருந்தோம்.

அன்றைக்குப் பிறகு, ஒரு பொருள் உள்ளே வந்தால் அதைப் பிடித்த கையும் கூட வந்ததா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இந்தக் கவலை புதிதும் இல்லை. சுவீடனில் ஆர்தர் ஹசேலியுஸ் என்பவர் 1872ஆம் ஆண்டு டாலார்னா பகுதியில் பயணம் செய்தபோது, பழைய உடைகளும் வீட்டுச் சாமான்களும் வேகமாக மறைவதைக் கண்டார். அந்தப் பயணத்தில் அவர் வாங்கிய முதல் பொருள் ஒரு கம்பளிப் பாவாடை. அப்படிச் சேர்த்தவற்றை அடுத்த ஆண்டே ஸ்டாக்ஹோமில் காட்சிக்கு வைத்தார். ஆனால் பாவாடையைக் கண்ணாடிக்குள் மாட்டினால் வீடு எப்படி இருந்தது என்று தெரியாதே! அதனால் 1891இல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பல ஊர்களிலிருந்து வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார். உள்ளே சாமான், வெளியே ஆடு மாடு, வேலை செய்து காட்ட ஆட்கள், வாசிக்க இசைக்காரர்கள். உலகின் பல நாடுகளில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கு அதுவே முன்மாதிரி.

ருமேனியாவில் திமித்ரி குஸ்தி என்ற சமூகவியல் பேராசிரியர் வேறு வழியில் வந்தார். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் ஆய்வு செய்தவர் அவர். 1936இல் புக்கரெஸ்ட் நகரில் கிராம அருங்காட்சியகம் எழுந்தபோது, கழற்றிய வீடுகளை மறுபடி பூட்ட அந்தந்தக் கிராமத்து ஆட்களையே வரவழைத்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கட்டியவர்களின் வழியில் வந்தவனுக்குத்தானே எந்த மரம் எதற்குள் போகும் என்று தெரியும்?

ஜப்பானின் இசே கோவிலைச் சொல்லாமல் இருக்க முடியாது. அது அருங்காட்சியகம் அல்ல, வழிபாட்டிடம். இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. கட்டடம் மட்டுமா, உள்ளே வைக்கும் துணி, வாள், பெட்டி என்று 714 வகைப் பொருள்களையும் புதிதாகச் செய்கிறார்கள். இருபது வயதில் எடுபிடியாக இருந்த தச்சர் நாற்பதில் பொறுப்பை ஏற்று நடத்தலாம், அறுபதில் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கலாம். மரம் புதிது, கைவாகு பழையது.

சரி, கைவாகை எப்படிச் சேகரிப்பது? படம் பிடிக்கலாம். ஆனால் பெரும்பாலும் எதிரே நின்று பிடிக்கிறோம். அதைப் பார்த்துக் கற்க முயல்பவருக்கு வலது இடதாகிவிடும். செய்பவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வையுங்கள், அவர் கண் பார்ப்பது நமக்கும் தெரியும். குயவர் பானையின் உள்ளே ஒரு கையால் கல்லை அணைத்து, வெளியே பலகையால் தட்டுகிறார் என்று வையுங்கள். சுவர் மெலிய மெலிய அந்தத் தட்டும் ஓசை மாறும். அவருடைய காதுதான் அளவுகோல். அந்தப் பதிவின்மேல் பின்னணி இசையைப் போட்டால் பாடமே போய்விட்டது.

அப்புறம், தவறுகளைக் கேளுங்கள். "எப்படிச் செய்வீர்கள்?" என்றால், செய்வதுதான் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "எப்போது விரிசல் விடும்?" என்று கேட்டால் மண், ஈரம், காற்று, சூளை என ஒரு மணி நேரம் பேசுவார்கள். வேலை செய்யும்போது பாடும் பாட்டை வேலையோடு பதியுங்கள். மாவரைக்கும் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் மூச்சும் தாளமும் வேறாகிவிடும். மண் எடுத்த குளத்தையும் நாணல் வெட்டிய கரையையும் குறித்து வையுங்கள். அவை போனால் கையிருந்தும் தொழில் இல்லை.

பதிவின் ஒரு நகல், செய்து காட்டியவர்களின் ஊருக்கே போக வேண்டும். 2018இல் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, பழங்குடி மக்களின் மொழிகளைப் பற்றிய ஆவணங்களும் ஒலிப்பதிவுகளும் கூடச் சாம்பலாயின. ஒரே இடத்தில் வைக்கிற எதுவும் பத்திரம் இல்லை. செய்து காட்ட வருபவருக்கு நாள் கூலியும் கொடுக்க வேண்டும். மாலை போட்டு அனுப்புவது மரியாதை ஆகாது.

அந்த நெசவாளி அம்மாவை நாங்கள் திரும்ப அழைத்தோம். புதுக் கயிறு வாங்கி வைத்திருந்தோம். இரண்டு நாள் தறிக்கு அடியில் உட்கார்ந்து கட்டினார், பேத்தி முடிச்சுகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தறி ஓடியது. ஆனால் எழுந்து வந்து அவர் ஒன்று சொன்னார்: "இது என் அம்மா கட்டிய கட்டு. இந்தத் தறிக்காரர் என்ன கட்டு வைத்திருந்தாரோ, அது எனக்குத் தெரியாது." பெயர்ப் பலகையை மாற்றினோம். கட்டியவர் பெயரை எழுதி, முதலில் இருந்த கட்டு தொலைந்தது எங்கள் கவனக்குறைவால் என்பதையும் அதன் கீழே எழுதி வைத்திருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.