சீட் கிடைத்துவிட்டது, அப்புறம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘பல்கலைக்கழகத்தில் சமத்துவத்தை நிலைநாட்டப் பெரிதும் துணைநிற்பது இட ஒதுக்கீடா, சேர்ந்தபின் செய்துதரும் ஏற்பாடுகளா?’ என்பது தலைப்பு. ஏற்பாடுகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நம் தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டைச் சொன்னார். 1994-இல் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றிக் காத்த உரிமை அது. அதில் ஒரு புள்ளியைக்கூட நாங்கள் விட்டுத்தரமாட்டோம். ஆனால் “சீட் கொடுத்தாயிற்று, இனிப் படிப்பது அவரவர் பாடு” என்றாரே, அங்கேதான் மறுக்கிறேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் தருகிறது. அப்படிச் சேர்ந்த பார்வையற்ற மாணவி தேர்வெழுத வருகிறார். மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தரவேண்டும் என்பது 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். அதன்படி காலை 10 மணிக்குத் தொடங்கும் 3 மணி நேரத் தேர்வு, பிற்பகல் 2 மணிக்கு முடியும். அதே அறையில் 2 மணிக்கு அடுத்த தேர்வு! 1 மணிக்கே விடைத்தாளைக் கேட்டுக் கண்காணிப்பாளர் கையை நீட்டுகிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன். உத்தரவு அவர் கைக்கு வந்து சேரவில்லை. கூடுதல் நேரத்தை ஹால் டிக்கெட்டிலேயே அச்சிட்டு, தனி அறையும் தனிக் கண்காணிப்பாளரும் ஒதுக்கியிருந்தால் இந்தச் சிக்கலே வராது. சொல்வதை எழுதுபவரை நிர்வாகம் ஏற்பாடு செய்தால், 2 நாள் முன்பே மாணவியைச் சந்திக்க வைக்கவேண்டும் என்றது அதே வழிகாட்டுதல். கூட்டலைக் குறிக்கும் சிக்மா குறியைப் பார்த்தே இராதவர் புள்ளியியல் தாளை எழுதினால், தெரிந்த விடைக்கும் மதிப்பெண் போய்விடும்.

அடுத்து, சக்கர நாற்காலி ஏறிச்செல்லும் சாய்தளம். வகுப்பறைக்கு 3 படி, உயரம் 45 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்ற விதிப்படி சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று 2 மீட்டரில் சிமெண்ட் பூசி முடித்தால், சக்கர நாற்காலி பின்பக்கமாகக் கவிழக்கூடும். மேலே 1.5 மீட்டர் சமதளம் விடாவிட்டால் நாற்காலியைத் திருப்பிக் கதவைத் திறக்க முடியாது. செலவாகுமே என்பார் எதிரணியினர். வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால் ஆகும் செலவு கொஞ்சம்தான்; கட்டிய பிறகு இடிப்பதுதான் பெருஞ்செலவு.

பணத்தாலும் கதவு அடைபடுகிறது. 2024-இல் தன்பாத் ஐஐடியில் இடம் பெற்ற பட்டியல் சாதி மாணவர் ஒருவர், தினக்கூலித் தொழிலாளியின் மகன், 17,500 ரூபாயைக் கெடு நேரத்துக்குள் கட்ட முடியாமல் இடத்தை இழந்தார். முழு நீதி வழங்க அரசமைப்பு தரும் சிறப்பு அதிகாரமான 142-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் கையில் எடுத்து அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. எத்தனை பிள்ளைகளால் தில்லிவரை போகமுடியும், நடுவர் அவர்களே? உதவித்தொகைக்கு விண்ணப்பித்த சான்றைக் காட்டினால் கட்டணத்துக்குத் தவணை, பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்துவதில்லை: பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் இந்த இரண்டு தீர்மானங்களைப் போட்டால் போதும்.

பாகுபாடு காட்டினால் புகார் வாங்க ஓர் அலுவலர் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி செய்தது. அவர் பெயரும் எண்ணும் விடுதிப் பலகையில் இல்லாவிட்டால், முதல் பருவ மாணவர் யாரிடம் போவார்?

கடைசியாக, இப்படியெல்லாம் செய்தால் தரம் குறையும் என்றார் எதிரணி நண்பர். அந்தப் பார்வையற்ற மாணவிக்கும் மற்றவர்களுக்குத் தரும் அதே வினாத்தாள்தான், விடைத்தாளைத் திருத்துகிறவரும் அதே ஆசிரியர்தான். நாங்கள் கேட்பது கூடுதலாக 1 மணி நேரமும் ஓர் அறையும். நன்றி, வணக்கம்.