மூன்று மாதப் பயிற்சி யாருக்கு உதவுகிறது?

எல்லோருக்கும் வணக்கம். "அக்கா, இலவசப் பயிற்சிக்குப் போனால் நிஜமாகவே வாழ்க்கை மாறுமா?" என்று நிறையத் தங்கைகள் கேட்கிறீர்கள். என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

என் சித்தி மகள் தையல் மிஷின் ஆபரேட்டர் பயிற்சி முடித்து, இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறாள். அவள் சேர்ந்தது தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில். 2014-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். கிராமத்து ஏழைக் குடும்பங்களில் 15 முதல் 35 வயது வரை சேரலாம், பெண்கள் 45 வரை. ஃபீஸ் கிடையாது. பயிற்சி முடித்தவர்களில் 70 சதவீதம் பேருக்காவது வேலை வாங்கித் தர வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

சரி, அவள் எப்போது சேர்ந்தாள்? மில் வேலை போய், இரண்டு மாதம் வீட்டில் இருந்தபோது. கையில் வேலை இருந்தால் யார் மூன்று மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வருவார்கள்? அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஓர்லி ஆஷன்ஃபெல்டர் 1978-லேயே இதைப் புள்ளிவிவரத்தோடு காட்டியிருக்கிறார். பயிற்சிக்கு வந்தவர்களின் வருமானம், அதற்குச் சற்று முன்புதான் சரிந்திருந்தது.

பயிற்சி இல்லாமலேயே அது மறுபடி ஏறியிருக்கலாம். அதனால் "முன்பு ஒன்றுமில்லை, இப்போது சம்பளம்" என்று ஒப்பிடுவது சரியில்லை. அவளோடு சேர்ந்து மில் வேலையை இழந்த தோழி எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை, நாலே மாதத்தில் வேறு மில்லில் சேர்ந்துவிட்டாள். அந்தத் தோழியின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் இவளுக்குக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் நைட் ஷிப்ட் இல்லை, பஞ்சுத் தூசி இல்லை, இருமல் நின்றுவிட்டது. எனக்கு அது பெரிய விஷயம்.

மனதை அறுக்கிற விஷயம் வேறு. அதே பேட்ச்சில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தார். ஹாஸ்டலில் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாமல் மூன்றாவது வாரமே ஊருக்குத் திரும்பிவிட்டார். வேலை அவருக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

அவரைப் போன்றவர்கள் ஆர்செட்டி என்று கேட்டுப் பாருங்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி மையம் அது. கர்நாடகாவின் உஜிரேயில் 1982-ல் தொடங்கிய மாதிரியில் வந்தது. சில வாரங்களில் முடிந்துவிடும், சொந்த ஊரிலேயே தொழில் செய்யலாம், வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுவார்கள்.

அப்புறம், எந்த மையத்தில் சேர்ந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: போன பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? பதில் சொல்லத் தயங்கினால், அங்கே படித்த ஒருவரிடமாவது பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.